செகண்ட் ஹேண்ட் ஃபேமிலி கார்: லோன முதல்ல பேசுங்க, வண்டிய அப்புறம் பாருங்க

[திரையில்: வரிசையா கார் நிக்கிற ஒரு யார்டு, ஆளே இல்ல]

வணக்கம் மக்களே. ஆடி மாசத்துல பழைய கார் வாங்கி விக்கிற ஏதாவது ஒரு கார் கன்சல்டிங் பக்கம் போய்ப் பாருங்க, வண்டி வரிசையா நிக்கும், கேக்க ஆள் இருக்காது. ஆடியிலயும் மார்கழியிலயும் நம்ம ஊர்ல வண்டிய வீட்டுக்குக் கொண்டு வர மாட்டாங்க, ஆனா யார்டு வச்சிருக்கவருக்கு இட வாடகையும் வண்டியில முடங்கின காசுக்கு வட்டியும் ஆடின்னு பாத்து நிக்காதே, அது பாட்டுக்கு ஓடிட்டுதான் இருக்கும். அதனால பேரம் பேச அந்த மாசத்த விட நல்ல நேரம் கிடையாது. வீட்ல பெரியவங்க ஒத்துக்க மாட்டாங்கன்னா ஒண்ணும் இல்ல, ஆடியில பாத்து ரேட் முடிச்சு சின்னதா ஒரு டோக்கன் குடுத்துட்டு ஆவணி முதல் முகூர்த்தத்துல டெலிவரி எடுங்க, நடுவுல கிடைக்கிற நாள்ல பேப்பர் எல்லாத்தையும் நிதானமா பாத்துரலாம்.

ஆயுத பூஜை, தீபாவளி, பொங்கல் நெருங்குறப்போ போனா ரேட் இறங்காது. 7 சீட்டர் தேடுறவங்க ஏப்ரல், மே லீவு சமயத்தையும் விட்டுருங்க, ஊருக்குப் போக எல்லாரும் எர்டிகாவும் இன்னோவாவும்தான் தேடுவாங்க. தீபாவளி முடிஞ்ச கையோட புது வண்டி எடுத்தவங்களோட எக்ஸ்சேஞ்ச் கார் எல்லாம் யார்டுக்கு வந்து சேரும், சாய்ஸ் வேணும்னா அது நல்ல சமயம். மார்கழின்னா இன்னொரு வசதி, ஜனவரி பொறந்தா யார்டுல நிக்கிற எல்லா வண்டிக்கும் கணக்குல ஒரு வயசு கூடிரும், அது விக்கிறவருக்கும் தெரியும்.

சரி, இதெல்லாம் நேரக் கணக்கு. உண்மையில காசு போற இடம் வேற, அதுதான் லோன்.

நம்மாளுங்க என்ன பண்றாங்க, முதல்ல வண்டிய பாக்குறாங்க, குழந்தைங்க பின் சீட்ல ஏறி உக்காந்துருச்சு, கலர் பிடிச்சிருச்சு, அட்வான்ஸ் குடுத்தாச்சு, அதுக்கப்புறம்தான் "ஃபைனான்ஸுக்கு என்னங்க பண்றது"ன்னு கேக்குறாங்க. அங்கயே உக்காந்திருக்க ஏஜெண்ட் "சார், நம்மகிட்ட 8 பர்சென்ட்தான், பேங்க்ல 11 சொல்லுவாங்க, பேப்பர் வேற நூறு கேப்பாங்க"ம்பாரு. கேட்டா நல்லாத்தானே இருக்குன்னு தோணும்.

[திரையில்: ரெண்டு கணக்கு பக்கத்துல பக்கத்துல]

4 லட்சம் லோன், 4 வருஷம்னு வைங்க. அவர் சொல்ற 8 பர்சென்ட் ஃப்ளாட் ரேட். நீங்க மாசாமாசம் அசலக் கட்டிக் குறைச்சிட்டே வந்தாலும், கடைசி மாசம் வரைக்கும் முழு 4 லட்சத்துக்கும் வட்டி போடுவாங்க. அப்போ வட்டி 1,28,000, இஎம்ஐ 11,000. பேங்க்காரங்க சொல்ற 11 பர்சென்ட் ரெட்யூசிங், பாக்கி இருக்க தொகைக்கு மட்டும்தான் வட்டி. அதுல இஎம்ஐ சுமார் 10,340, மொத்த வட்டி 96,000 சொச்சம். அதாவது 11ங்கிறது 8ஐ விட கிட்டத்தட்ட 32,000 ரூபா கம்மி! அந்த 8 ஃப்ளாட்ட ரெட்யூசிங்ல மாத்திப் பாத்தா 14க்கும் மேல வருது. ஏஜெண்ட் பொய்யே சொல்லல பாருங்க, அதான் இதுல இருக்க அழகு.

இதுல மாட்டாம இருக்க ஒரே ஒரு பேப்பர் கேளுங்க. 2024 அக்டோபர்ல இருந்து ரிசர்வ் பேங்க் ரூல் ஒண்ணு இருக்கு, பேங்க்கோ ஃபைனான்ஸ் கம்பெனியோ தனிநபருக்கு லோன் குடுத்தா கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மெண்ட்டுன்னு ஒரு ஷீட் குடுத்தே ஆகணும், உங்களுக்குப் புரியுற பாஷையில. அதுல ஏபிஆர்னு ஒரு நம்பர் இருக்கும், வட்டி, ப்ராசஸிங் ஃபீஸ் மாதிரி செலவு எல்லாத்தையும் சேத்து வருஷத்துக்கு எத்தனை பர்சென்ட்னு. ரெண்டு இடத்துல வாங்கி அந்த ஒரு நம்பர மட்டும் ஒப்பிட்டுப் பாருங்க போதும். அப்படியே முன்கூட்டியே லோன முடிச்சா எவ்ளோ சார்ஜ்னும் கேட்டுருங்க, ஃபிக்ஸட் ரேட் லோன்ல அது இருக்கும்.

அதனாலதான் சொல்றேன், வண்டி பாக்குறதுக்கு முன்னாடியே உங்க சம்பள அக்கவுண்ட் இருக்க பேங்க்ல போய் எவ்ளோ குடுப்பீங்க, எத்தன வருஷ வண்டி வரைக்கும் குடுப்பீங்கன்னு கேட்டு வச்சிருங்க. லோன் முடியும்போது வண்டிக்கு 10 வயசு தாண்டக் கூடாதுன்னு நிறைய இடத்துல ஒரு கணக்கு வச்சிருக்காங்க, அப்போ 7 வருஷ வண்டிக்கு 5 வருஷ லோன் கிடைக்காது. இன்னொண்ணு, நீங்க பேசின ரேட்டுக்கு லோன் வராது, அவங்க வேல்யூவர் போடுற மதிப்புலதான் வரும். 6 லட்சம் பேசியிருப்பீங்க, அவர் 5 போடுவாரு. ரேட் ஜாஸ்தின்னு நமக்கு ஃப்ரீயா கிடைக்கிற தகவல் அது, கன்சல்டிங்காரர்கிட்ட அதையே எடுத்துக் காட்டி பேரம் பேசலாம்.

கம்மித் தொகைதான் தேவை, ஒரு வருஷத்துல அடைச்சிருவேன்னா, நகைக் கடன் எவ்ளோ வட்டின்னும் ஒரு தடவ விசாரிங்க. செகண்ட் ஹேண்ட் கார் லோன விட பல சமயம் கம்மியா வரும், ஆர்சியில எச்பி, அதாவது வண்டி மேல லோன் இருக்குங்கிற பதிவு, ஏறாது. ஆனா வருஷக் கடைசியில மொத்தமா கட்டணும், அந்த ஒழுங்கு இல்லாதவங்களுக்கு இது வேணாம், நகைதான் போகும்.

இப்போ எங்க வாங்குறது. ஓனர்கிட்ட நேரடியா வாங்கினா ரேட் கம்மி, ஆனா பேப்பர் வேலை முழுக்க உங்க தலையில. ட்ரூ வேல்யூ மாதிரி கம்பெனி அவுட்லெட், ஸ்பின்னி, கார்ஸ்24 மாதிரி இடங்கள்ல ரேட் ஏத்தியே இருக்கும், பதிலுக்கு வாரண்டியும் ஆர்சி மாத்திக் குடுக்குற வேலையும் கிடைக்கும். முதல் தடவ வாங்குறவங்களுக்கு அந்தக் காசு தண்டம்னு நான் சொல்ல மாட்டேன். லோன் கட்டாததால பிடிச்சுட்டு வந்த சீசிங் வண்டி ஏலம் மட்டும் குடும்பத்துக்குன்னு வாங்குறவங்க பக்கமே போகாதீங்க, ஓட்டிப் பாக்க விட மாட்டாங்க, இருக்குற நிலைமையில எடுத்துக்கோன்னுருவாங்க.

டெல்லி வண்டி சீப்பா வருதேன்னு கேப்பீங்க. வெளி மாநில வண்டிய இங்க மாத்தணும்னா அங்க இருந்து என்ஓசி, அதாவது ஆட்சேபணை இல்லைங்கிற சான்றிதழ், வாங்கணும், தமிழ்நாட்டு லைஃப் டாக்ஸ் வண்டி வயசுக்கு ஏத்த மாதிரி திரும்பக் கட்டணும். 2023 நவம்பர்ல நம்ம ஊர்ல லைஃப் டாக்ஸ ஏத்தினாங்க, 10ல இருந்து 20 லட்சம் வரைக்கும் உள்ள புது காருக்கு 18 பர்சென்ட், அந்த கணக்க வச்சுப் பாருங்க. டிஎன் ரெஜிஸ்ட்ரேஷன்னா முதல் ஓனர் கட்டின டாக்ஸ் வண்டியோடயே வந்துரும். பாண்டி வண்டிக்கும் இதே கதைதான்.

ரேட் பேசுறப்போ மறக்காம பண்ண வேண்டியது, அந்த மாடலோட இன்னைக்கு ஆன் ரோடு விலைய கையில வச்சுக்கோங்க. 2025 செப்டம்பர் 22ல சின்ன காருக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 18 ஆச்சு, செஸ்ஸும் போச்சு, ஆனா "நான் வாங்கினதே 9 லட்சம் சார்"னு பழைய விலையிலயே நிக்கிறவங்க இன்னும் இருக்காங்க. அவர் எவ்ளோக்கு வாங்கினாருங்கிறது நமக்கு எதுக்குங்க?

[திரையில்: இன்சூரன்ஸ் பாலிசி, என்சிபி கட்டத்துல வட்டம்]

இது எனக்கு ரொம்பப் பிடிச்ச செக். 6 வருஷ வண்டி, சிங்கிள் ஓனர், ஒரு கீறல் கிடையாதுன்னு சொல்றாங்கன்னு வைங்க. பாலிசிய வாங்கி என்சிபி, அதாவது கிளைம் பண்ணாததுக்குப் பிரீமியத்துல கிடைக்கிற தள்ளுபடியான நோ கிளைம் போனஸ், எத்தனை பர்சென்ட்னு பாருங்க. கிளைமே பண்ணலைன்னா வருஷா வருஷம் 20, 25, 35, 45, 50ன்னு ஏறி இருக்கணும். அங்க 0ன்னோ 20ன்னோ இருந்தா சமீபத்துல கிளைம் போயிருக்கலாம், இல்ல பாலிசிய நடுவுல விட்டிருக்கலாம். எதுன்னு கேளுங்க, சர்வீஸ் சென்டர்ல ஹிஸ்டரி எடுத்துப் பாருங்க.

7 சீட்டர்னா டி-போர்டா, அதாவது டாக்ஸியா ஓடினத ஓன் போர்டா, சொந்த வண்டியா மாத்தினதான்னு கண்டிப்பா பாக்கணும். ஆர்சியில வேரியண்ட் பேர்ல டூர்னு இருந்தா அது டாக்ஸிக்கு வந்த மாடல். ஓட்டிப் பாக்குறப்போ 80ஐத் தாண்ட மாட்டேங்குதுன்னா ஸ்பீட் கவர்னர் இன்னும் உள்ளயே இருக்கு. மீட்டர்ல 45,000ன்னு காட்டும், ஆனா கிளட்ச் பெடல் ரப்பர் வழவழன்னு தேஞ்சிருக்கும், டிரைவர் சீட் ஓரம் உள்ள அமுங்கி இருக்கும். மீட்டர திருப்புறவங்க பெடல் ரப்பர மாத்த மறந்துருவாங்க.

சென்னை வண்டின்னா 2015, 2023 வெள்ளத்த மனசுல வைங்க, தூத்துக்குடி, நெல்லை பக்கமும் 2023 டிசம்பர் இருக்கு. சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க, சுருண்டு கிடக்குற அடிப்பகுதியில சேத்துக் கறை இருந்தா அந்த வண்டி முங்கினது. சீட்ட எவ்ளோ பாலிஷ் போட்டாலும் அந்த இடத்த யாரும் தொட மாட்டாங்க. சீட் ரெயில், ஸ்டெப்னி குழி ரெண்டுலயும் துருவ பாருங்க.

பேப்பர்ல ரெண்டே விஷயம் சொல்றேன். ஆர்சியில பழைய எச்பி நிக்குதான்னு எம்பரிவாஹன் ஆப்ல பாருங்க, லோன் கட்டி முடிச்சிட்டேன்னு சொன்னா பத்தாது, எச்பிய எடுக்குறதுக்கான ஃபார்ம் 35ம் ஃபைனான்ஸ் கம்பெனி என்ஓசியும் வேணும். அடுத்தது, ஆர்சி பேர் மாத்துறதுக்கான ஃபார்ம் 29, 30ல வெறும் கையெழுத்து வாங்கி வச்சுக்கிட்டு அப்புறம் மாத்திக்கலாம்னு சொல்றத ஒத்துக்காதீங்க, ஆர்சி உங்க பேருக்கு வர்ற வரைக்கும் ஒரு தொகைய பிடிச்சு வைங்க. இன்சூரன்ஸ 14 நாளுக்குள்ள உங்க பேருக்கு மாத்தணும், இல்லன்னா உங்க வண்டிக்கு அடிபட்டா கிளைம் நிக்காது. அப்புறம் பழைய ஓனரோட என்சிபி உங்களுக்கு வராது, அந்த வித்தியாசத்த கட்டணும், பட்ஜெட்ல அதையும் சேத்துக்கோங்க.

டெலிவரி அன்னைக்கு ரெண்டாவது சாவிய கேட்டு வாங்குங்க, சென்சார் சாவி புதுசா போட்டா பல ஆயிரம் ஆகும். பழைய ஃபாஸ்டேக்க அவர க்ளோஸ் பண்ணச் சொல்லிட்டு நீங்க புதுசு போட்டுக்கோங்க. எந்த மாடல், எந்த வருஷம், எவ்ளோ சொல்றாங்க, லோனுக்கு ஏபிஆர் எவ்ளோ போட்டிருக்காங்கன்னு கமெண்ட்ல போடுங்க, கணக்கு போட்டுச் சொல்றேன்.