வண்டி நிற்கிற இடத்துக்கு மேலே

(பென்னாகரத்தில் நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது. கேட்டவர்கள் எழுத்தாக வேண்டும் என்றதால் இங்கே தருகிறேன். நேரமில்லாமல் அங்கே விட்டுப்போன ஓரிரண்டு செய்திகளைச் சேர்த்திருக்கிறேன்.)

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, வரவேற்றுப் பேசிய நூலகர் அம்மா அவர்களே, வேலை நெருக்கடியிலும் நேரம் ஒதுக்கி வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வட்டாட்சியர் அவர்களே, வட்டார மருத்துவ அலுவலர் அவர்களே, பேரூராட்சி உறுப்பினர்களே, என்னோடு இரவுப் பணி பார்த்து இப்போது பேரப்பிள்ளைகளோடு வந்திருக்கும் தோழிகளே, பள்ளிச் சீருடையோடு வந்திருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

வட்டாட்சியர் அவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி சொல்லாமல் ஆரம்பிக்க முடியாது. போன மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தபோது, போனில் சொன்ன அன்று மாலையே ஜேசிபி அனுப்பி வைத்தார்கள். அந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நூலகர் அம்மா, நான் பணியில் இருந்த காலத்திலிருந்து எனக்குப் புத்தகம் எடுத்து வைத்துக் கொடுப்பவர். இந்த நாற்காலிகளைக் காலையிலிருந்து தூக்கிப் போட்ட தம்பிகளுக்கும் நன்றி. பின்வாசல் பக்கம் சீருடையோடு இரண்டு பேர் நிற்கிறார்கள், பாருங்கள். 108 வண்டித் தோழர்கள். உட்காருங்கள் என்றேன். அழைப்பு வந்தால் ஓட வேண்டும், நிற்கிறோம் அம்மா என்றார்கள். இன்றைய கூட்டம் அவர்களைப் பற்றியது.

எனக்குக் கொடுத்த தலைப்பு 'அவசர மருத்துவ ஊழியர்களின் பங்கை விரிவாக்குதல்'. அதாவது, 108 வண்டியில் வருகிற அந்தப் பெண்ணோ பையனோ இன்னும் என்னென்ன செய்யலாம், அதற்கு நாம் என்ன செய்து தர வேண்டும். மூன்று விஷயம் குறித்து வைத்திருக்கிறேன். அவர்களுடைய படிப்பு, அவர்களுக்கு உள்ள அதிகாரம், அவர்களுடைய சம்பளம்.

எங்கள் அப்பா வண்டி மாடு வைத்திருந்தவர். மாட்டுப் பொங்கலன்று மாட்டை நுகத்தில் பூட்டவே கூடாது, உங்களுக்குத் தெரியும். ஒரு மாட்டுப் பொங்கலன்று பக்கத்துத் தெருப் பெண்ணுக்குப் பிரசவ வலி. அப்பா கொம்பில் கட்டியிருந்த மாலையோடேயே மாட்டைப் பூட்டிவிட்டார். பாட்டி வாசலில் நின்று கத்தினாள். அப்பா திரும்பிப் பார்த்துச் சொன்னது ஒரே வாக்கியம்: "ஆபத்துக்குப் பாவமில்லை ஆத்தா." நான் செவிலியர் பணியில் இருந்த அத்தனை வருஷமும் அந்தக் குரல் காதில் இருந்தது. இன்றைக்கும் அதை வைத்துக்கொண்டுதான் பேசப் போகிறேன்.

நம் மாநிலத்தில் 108 வந்தது 2008 செப்டம்பரில். அதற்கு முன்னால் எப்படி இருந்தது என்று இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. வாடகைக் கார்க்காரர் வீட்டுக் கதவைத் தட்டிக் கெஞ்ச வேண்டும். சீட்டில் ரத்தம் பட்டால் கழுவும் கூலி தனி. தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்தால், பின்னால் வருகிற லாரிக்காரர் மனசு வைத்தால் உண்டு. நம் ஊரில் மட்டும் அப்படி என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவிலேயே 1960களில் பல ஊர்களில் அடிபட்டவரை ஏற்றியது பிணம் ஏற்றுகிற வண்டி, இல்லாவிட்டால் போலீஸ் வேன். பிட்ஸ்பர்க் நகரத்தில் பீட்டர் சஃபார் என்று ஒரு மருத்துவர். மூச்சு நின்றவருக்கு வாயோடு வாய் வைத்து ஊதும் முறையை நிரூபித்துக் காட்டியவர். 1966-இல் அவருடைய சின்ன மகளே ஆஸ்துமாவில் இறந்துபோனாள். மறுவருஷம் தொடங்கிய ஒரு முயற்சியில் அந்த ஊரின் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதியிலிருந்து, படிப்பைப் பாதியில் விட்ட, வேலை கிடைக்காத இளைஞர்களைச் சேர்த்து, சுமார் 300 மணி நேரப் பயிற்சி கொடுத்து வண்டியில் ஏற்றினார்கள். ஃப்ரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸ் என்று பெயர். வண்டியிலேயே சிகிச்சை கொடுக்கிற இன்றைய பாராமெடிக் என்ற வேலைக்கு முன்னோடிகளில் அவர்களும் உண்டு. எந்தத் தெருவில் ஆபத்து அதிகமோ அந்தத் தெருப் பையன்களையே எடுத்தார்கள் என்பதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அதற்கு வருகிறேன்.

படிப்பைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். நம் 108-இல் மருத்துவ உதவியாளராகச் சேருபவர்கள் நர்சிங் படித்தவர்கள் அல்லது விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல் போன்ற பட்டம் பெற்றவர்கள். அதற்கு மேல் ஐம்பது நாள் அளவில் பயிற்சி. எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் விபத்து, அவசர சிகிச்சைக்கென்றே பி.எஸ்சி. படிப்பும் இருக்கிறது. 2021-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. மருத்துவர், செவிலியர் போன்றோர் தவிர்த்த மற்ற மருத்துவத் தொழில்களை ஒழுங்குபடுத்தும் சட்டம். அதன் அட்டவணையில் அவசர மருத்துவத் தொழில்நுட்பர் என்ற பெயர் இருக்கிறது. பெயர் ஏறிவிட்டது. கைக்கு அதிகாரம் முழுசாக வந்துவிட்டதா என்பதுதான் கேள்வி.

அதை விளக்க ஒரு நாள் ராத்திரி நடந்ததைச் சொல்ல வேண்டும். தோழிகள் சிலருக்குத் தெரிந்த கதைதான். மறுபடியும் கேளுங்கள்.

நான் அப்போது ஓர் அரசு மருத்துவமனையில் இரவுப் பணி. மலை மேலே ஓர் ஊர். அங்கே பதினான்கு வயதுப் பெண், தரையில் பாய் போட்டுப் படுத்திருந்தவள், விடியற்காலம் மூன்று மணிக்கு எழுந்து வயிற்றுவலி என்றாள். ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கவில்லை என்று அம்மா சுக்கு வைத்துக் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் விழுங்க முடியவில்லை. கண்ணைத் திற என்றால் இமை பாதிதான் மேலே போகிறது. தூக்கக் கலக்கம் என்று நினைத்தார்கள். அவளுடைய தாத்தாவுக்குத்தான் சந்தேகம் வந்தது. பாயைத் தூக்கி உதறினார். ஒன்றுமில்லை. உடம்பில் கடிவாயும் இல்லை. இருந்தாலும் வேட்டியில் தூளி கட்டு என்றார்.

வண்டி ஏறுகிற ரோடு கிடையாது. நான்கு பேர் மாற்றி மாற்றித் தூக்கி இறங்க மூன்று மணி நேரம். நடுவில் ஒரு பாறை மேல் ஏறி நின்றால்தான் செல்போன் சிக்னல் கிடைக்கும், அங்கிருந்து 108-க்குச் சொன்னார்கள். அடிவாரத்தில் வண்டி நின்றது. அதில் இருந்த மருத்துவ உதவியாளர் விலங்கியல் படித்த பெண், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருக்காது. தூளியை இறக்குவதற்குள் டார்ச் அடித்து முகத்தைப் பார்த்திருக்கிறாள். கேட்ட முதல் கேள்வி, "தரையிலயா படுத்திருந்தா?" இரண்டாவது, "வயித்துவலின்னாளா?" மூன்றாவது கேள்வி கேட்கவில்லை. கட்டுவிரியன்.

பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். கட்டுவிரியன் ராத்திரியில் வரும், தூங்குகிறவரைக் கடிக்கும், பெரும்பாலும் வலிக்காது, வீங்காது. விஷம் நரம்பும் தசையும் சேரும் இடத்தைப் பிடிக்கும். முதலில் இமை, பிறகு தொண்டை, பிறகு கழுத்து, கடைசியில் மூச்சு. புத்தி மட்டும் தெளிவாக இருக்கலாம்.

வண்டி கிளம்பி இரண்டாவது வளைவில் அந்தப் பிள்ளைக்கு மூச்சு நின்றது. மருத்துவ உதவியாளர் முகமூடியை வாயிலும் மூக்கிலும் அழுத்தி வைத்து, அம்பு பேக் என்கிற அந்த ரப்பர் பையை அமுக்க ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, அமுக்கு. வண்டி குலுங்குகிறது. பைலட் தம்பி பள்ளம் வருது அக்கா, பள்ளம் வருது அக்கா என்று சொல்லிச் சொல்லி ஓட்டுகிறார். நாற்பது நிமிஷம். எங்கள் வாசலில் கதவைத் திறந்தபோது அவள் எண்ணிக்கொண்டுதான் இருந்தாள். நான் பையை வாங்கக் கை நீட்டினேன். விரல் விரியவில்லை. நான்தான் ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டேன்.

தாத்தா வெளியே உட்கார்ந்திருந்தார். தோளில் மூங்கில் அழுத்திய இடம் கன்றிப்போயிருந்தது. அந்தப் பெண்ணைப் பார்த்து, "நீ டாக்டரா சாமி?" என்றார். "இல்லைங்க தாத்தா" என்றாள். "அப்ப எங்க மலைக்கு நீயே போதும்" என்றார்.

பிள்ளைக்கு விஷமுறிவு மருந்து போட்டோம். ஆறு நாள் செயற்கை சுவாசம். ஏழாவது நாள் குழாயை எடுத்தார்கள். குரல் சரியாக வரவில்லை. என் கையைப் பிடித்து அவள் முதலில் கேட்டது என்ன தெரியுமா? "அஞ்சு வரைக்கும் எண்ணுன அக்கா எங்க?" கண் திறக்க முடியாமல், விரல் அசைக்க முடியாமல் கிடந்தபோது அத்தனையும் அவளுக்குக் கேட்டிருக்கிறது.

(இந்த இடத்தில் பின்வாசல் தோழர்களுக்கு அழைப்பு வந்தது. அவர்கள் கையசைத்துவிட்டு ஓடினார்கள். அவை எழுந்து நின்றது.)

சரி, அதிகாரம். இன்றைக்கு வண்டியில் இருப்பவர் ஒரு மருந்து கொடுக்க வேண்டுமானால் சென்னைக் கட்டுப்பாட்டு மையத்தில் இருக்கும் மருத்துவரிடம் போனில் கேட்டுக் கொடுக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான், குறை சொல்லவில்லை. ஆனால் சித்தேரிப் பக்கமும், அஞ்செட்டிக் காட்டுப் பக்கமும், நம் பென்னாகரம் மலைகளிலும் சிக்னல் இல்லாத வளைவில் என்ன செய்வது? இன்ன அறிகுறி இருந்தால் இன்ன மருந்து, இன்ன அளவு, கேட்காமலே கொடுக்கலாம் என்று முன்கூட்டியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட வேண்டும். தேன் எடுக்கப் போன ஆள் தேனீ கொட்டி முகம் வீங்கி மூச்சு இழுக்கிறான் என்றால், தொடையில் அரை மில்லிகிராம் அட்ரினலின். அது தாமதமாகிற ஒவ்வொரு நிமிஷமும் உயிர். வண்டியிலேயே பிரசவம் ஆகி ரத்தப்போக்கு நிற்கவில்லை என்றால் ஆக்ஸிடாசின். அது குளிரில் இருக்க வேண்டிய ஊசி. குளிர்ப்பெட்டி இல்லாத இடத்துக்கு மிசோப்ரோஸ்டால் மாத்திரை இருக்கிறது. மாரடைப்புக்கு முதல் மாத்திரைகளைக் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுக்க 2023-இல் 'இதயம் காப்போம்' திட்டத்தில் நம் அரசே வழி செய்தது. இங்கிலாந்தில் 2018 முதல் மேல்பயிற்சி பெற்ற பாராமெடிக்குகள் தாங்களே மருந்துச்சீட்டு எழுதலாம்.

தவறாகிவிட்டால் யார் பொறுப்பு என்று மருத்துவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. சாலையில் அடிபட்டவரைத் தூக்குகிற வழிப்போக்கர் மேல் சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ போடக்கூடாது என்று 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினார்கள். நல்லெண்ணத்தோடு செய்தவருக்குப் பாதுகாப்பு. எங்கள் அப்பா சொன்னதைச் சட்டமே சொல்லிவிட்டது, ஆபத்துக்குப் பாவமில்லை என்று. பயிற்சியே இல்லாதவருக்கு அந்தக் காப்பு உண்டென்றால், பயிற்சி பெற்று, எழுதிக் கொடுத்த நெறிமுறைப்படி நடப்பவருக்கு அதைவிட உறுதியான காப்பு வேண்டாமா?

இப்போது நான் உண்மையில் எதற்காக இந்த மேடைக்கு வந்தேனோ அதைச் சொல்கிறேன். மூன்று வருஷமாக இதையேதான் போகிற இடமெல்லாம் பேசுகிறேன். அந்தப் பிள்ளை பிழைத்தது அடிவாரத்துக்குக் கீழே நடந்த நாற்பது நிமிஷத்தால். அடிவாரத்துக்கு மேலே மூன்று மணி நேரம் அவளோடு பயிற்சி பெற்றவர் யாரும் இல்லை. மூச்சு பாதி வழியிலேயே நின்றிருந்தால்? தூளி தூக்கிய நான்கு பேரில் ஒருவருக்கு அம்பு பேக் பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்பது. வண்டி போகாத ஒவ்வொரு மலையூரிலும் பத்தாவதோ பன்னிரண்டாவதோ படித்த ஒரு பெண், ஒரு பையன். பிட்ஸ்பர்க்கில் அந்தத் தெருவிலிருந்தே எடுத்தார்கள் இல்லையா? நாம் அந்த மலையிலிருந்தே எடுப்போம். 108 அமைப்போடு இணைத்து, முறையான பயிற்சி, ஒரு பை, மாதாமாதம் ஊதியம்.

விஷமுறிவு மருந்தை மலை மேலே போட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அதன் ஒவ்வாமையைக் கண்ணால் பார்த்தவள் நான். மருத்துவர் பக்கத்தில் இருக்க வேண்டிய மருந்து அது. மூச்சைப் பிடித்து வைப்பது, ரத்தத்தைக் கட்டி நிறுத்துவது, பிரசவித்தவளைச் சரிந்து போகாமல் கீழே கொண்டுவருவது, இவை போதும்.

நடக்கிற காரியமா என்று கேட்கிறார்கள். மக்களைத் தேடி மருத்துவம் எங்கே தொடங்கியது? 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி, நம் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில். உள்ளூர்ப் பெண்களே வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். அவர்களை நம்பியது போல மலைப் பிள்ளைகளையும் நம்பலாம். 2024-இல் நம் மாநிலத்தில் பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தார்கள். இனி எந்த மலையிலிருந்து எத்தனை பேர் என்ற கணக்கும் அரசின் கையில் இருக்கும். கணக்கு வந்த பிறகும் ஆள் போடாமல் இருக்கக் காரணம் இருக்காது.

சம்பளம் பற்றிப் பேசுவதாகச் சொன்னேன். தலைவர் மணி அடித்துவிட்டார். பன்னிரண்டு மணி நேரப் பணி பார்ப்பவர்களின் சம்பளத்தை இரண்டு நிமிஷத்தில் பேசுவது அவர்களுக்கு மரியாதை ஆகாது. அதற்குத் தனிக் கூட்டம் வைக்கும்படி வாசகர் வட்டத்தைக் கேட்டுக்கொள்கிறேன். அவர்களையே மேடையில் ஏற்றிப் பேசச் சொல்லுங்கள்.

மனு அந்த மேஜை மேல் இருக்கிறது. வண்டி போகாத ஊர்கள் என்று எனக்குத் தெரிந்தவற்றை எழுதியிருக்கிறேன். உங்கள் ஊர் விட்டுப்போயிருந்தால் கீழே எழுதுங்கள். ஊரிலிருந்து வண்டி நிற்கிற இடம் வரைக்கும் தூளி தூக்கி வர எத்தனை மணி நேரம் என்பதையும் பக்கத்தில் போடுங்கள். வட்டாட்சியர் அவர்கள் இன்றைக்கே வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். பேனா நூலகர் அம்மாவிடம் இருக்கிறது. வணக்கம்.