காரைப் பார்க்காதீங்க, ஆளைப் பாருங்க: சந்தேகங்களுக்கு விளக்கம்

இந்தக் கேள்வி ரெண்டு வாரமா மண்டைக்குள்ளேயே குடைஞ்சிக்கிட்டிருக்கு. ஒரு நேயர் கேட்டிருக்கார்: "ஃபார்முலா ஒன் கார் ரேஸ் டீம் ஒவ்வொண்ணுலயும் நூத்துக்கணக்கான இன்ஜினியர்கள் வேலை பார்க்கிறாங்க. டிவி முன்னாடி உட்கார்ந்துக்கிட்டு நாம 'இந்தக் காருக்குள்ள இதுதான் ரகசியம்'னு ஊகிக்கிறது வெட்டிப்பேச்சு இல்லையா?"

பாதி நேரம் வெட்டிப்பேச்சுதான். மீதிப் பாதிக்கு ஒரு கதை இருக்கு. பழைய நேயர்கள் பொறுத்துக்கணும், எனக்கு இது எத்தனை தடவை சொன்னாலும் அலுக்காது.

1997, ஆஸ்திரியா. டேரன் ஹீத்னு ஒரு போட்டோகிராஃபர். மெக்லாரன் டீமோட கார் ஒண்ணு வளைவை முடிச்சு வெளியே வர்றப்போ படம் எடுக்கிறார். படத்துல பின்சக்கரத்து பிரேக் டிஸ்க் தணல் மாதிரி செவந்து கிடக்கு. பிரேக் பிடிச்சா டிஸ்க் பழுக்கும், சரி. ஆனா வளைவை விட்டு வெளியே வரும்போது எவனாவது பிரேக் பிடிப்பானா? ஆக்சிலரேட்டரைல்ல மிதிப்பான்! மனுஷனுக்குத் தூக்கம் வரல. அப்புறம் ஜெர்மனியோட நூர்பர்க்ரிங் டிராக்ல ரெண்டு மெக்லாரனும் அடுத்தடுத்து இன்ஜின் போய் ஓரமா நின்னுது. ஒண்ணை ஓட்டின ஹாக்கினென் இறங்கிப் போனதும், இவர் கேமராவை அந்தக் காருக்குள்ள, கால் வைக்கிற இடத்துக்கு இறக்கி ரெண்டு க்ளிக். பார்த்தா, பெடல் ஒண்ணு கூடுதலா இருக்கு! பின்சக்கரம் ரெண்டுல ஒண்ணுக்கு மட்டும் பிரேக் கொடுக்கிற பெடல். உள்பக்கச் சக்கரத்தை லேசா பிடிச்சா கார் தானா அந்தப் பக்கம் திரும்பும்ல, அதான் விஷயம்.

1998 பிரேசில் ரேஸ்ல எதிரி டீமான ஃபெராரி புகார் கொடுத்து அதைத் தடை பண்ண வச்சாங்க. தடை பண்ணின அதே ரேஸ்ல ஹாக்கினென் ஜெயிச்சார், அது வேற கதை.

இதுல கவனிங்க. "மெக்லாரன் ஜெயிக்குது, அப்போ ஏதோ பண்றான்"னு அவர் ஆரம்பிக்கல. செவக்கக்கூடாத இடத்துல டிஸ்க் செவந்திருக்கேன்னு ஆரம்பிச்சார். நல்ல ஊகத்துக்கும் வெட்டிப்பேச்சுக்கும் நடுவுல இருக்கிற கோடு அங்கதான் இருக்கு. கோட்டுக்கு அந்தப் பக்கம் நானே போய் விழுந்திருக்கேன். 2024ல ரெட் புல்லோட வெர்ஸ்டாப்பன் முதல் 10 ரேஸ்ல 7 ஜெயிச்சார், அப்புறம் திடீர்னு வறட்சி. அதே நேரத்துல ரெண்டு பக்கமும் வேற வேற அளவுல பிரேக் பிடிக்கிற அமைப்பு கூடாதுன்னு விதியில ஒரு வரி சேர்த்தாங்க. உடனே நான் ரெண்டையும் முடிச்சுப் போட்டேன்! எந்த டீமும் அப்படி ஒண்ணைப் பயன்படுத்தலன்னு, விதி போடுற அமைப்பான எஃப்.ஐ.ஏ. சொல்லிடுச்சு. என் கண்ணுல எதுவும் பட்டிருக்கல, ஸ்கோரை மட்டும் பார்த்து ஜோசியம் சொல்லியிருக்கேன்.

ஆனா நீங்க கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேற ஒண்ணு. ஏன் இந்த மாதிரி ரகசியம் பல தடவை ஓட்டுறவரோட கை கால்லயே வந்து நிக்குது?

2010, மறுபடியும் மெக்லாரன். காருக்கு முன்னாடி மேல மூக்கு மாதிரி ஒரு காற்றுத் துளை. எதுக்குன்னு ஊரெல்லாம் சண்டை. கடைசியில பார்த்தா காக்பிட்டுக்குள்ள அந்தக் குழாய்ல ஒரு ஓட்டை இருக்கு, நேர்ப்பாதை வந்ததும் ஓட்டுறவர் முட்டியால அதை அடைக்கிறார். காற்று பாதை மாறி பின் இறக்கைக்குப் போய் அங்க ஒட்டி ஓடுற காற்றோட்டத்தைக் குலைக்குது. இழுவை குறையுது, வேகம் கூடுது. எஃப்-டக்ட்னு பேர். ஃபெராரி காப்பி அடிச்சப்போ முட்டிக்குப் பதிலா கை. மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்துல ஒத்தைக் கையால ஸ்டியரிங்! அடுத்த வருஷமே தடை.

2020 பார்சிலோனா டெஸ்ட்ல மெர்சிடிஸ் டீமோட ஹாமில்டன் நேர்ப்பாதையில ஸ்டியரிங்கை தன் பக்கம் இழுத்தார், வளைவு வர்றப்போ திரும்ப உள்ளே தள்ளினார். காருக்குள்ள இருந்த கேமராவுல எல்லாரும் பார்த்தோம். முன் சக்கரம் ரெண்டும் எந்தக் கோணத்துல நிக்கணும்னு அந்த இழுப்புதான் மாத்துது. அதுவும் ஒரே சீசன், 2021க்குத் தடை.

கால், முட்டி, கை. காரணம் இதான்: கம்ப்யூட்டரே சஸ்பென்ஷனை ஏத்தி இறக்குறது, சக்கரம் வழுக்காம பார்த்துக்கிறது, இதையெல்லாம் 1994ல தடை பண்ணிட்டாங்க. இறக்கை மாதிரி காற்றோடு சம்பந்தப்பட்ட பாகம் ஓடும்போது அசையக் கூடாதுன்னு விதி ரொம்ப காலமா இருந்துச்சு. அப்போ விதிப்புத்தகத்துல கை வைக்க முடியாத அசையும் பாகம் எது? ஓட்டுறவரோட உடம்பு! முட்டி காரோட பாகம் இல்லையே. அதனாலதான் ஒவ்வொரு தடவையும் சொல்றேன், காரைப் பார்க்காதீங்க, ஆளைப் பாருங்க. கை எங்கே போகுது, ஹெல்மெட் எந்தப் பக்கம் சாயுது, இதையெல்லாம் பாருங்க.

டீம் வியூகத்தையும் கேட்டிருந்தீங்க. அதுவும் இதே கண்தான். ரேடியோவுல "முன்னாடி போறவன் செய்றதுக்கு எதிர்மாறா செய்"னு சொல்வாங்க. எதிரி டீமும் கேட்டுக்கிட்டுதான் இருப்பான், அதனால அதை அப்படியே நம்பிடாதீங்க. டயர் தேய்ஞ்சு லேப் நேரம் ஏறுதான்னு பாருங்க. ஏறிடுச்சுன்னா பின்னாடி வர்றவன் முதல்ல டயர் மாத்த பிட்டுக்கு உள்ளே போவான், புது டயர் வேகத்துல முந்தப் பார்ப்பான்.

முன்னாடி ரேஸ் நடுவுல பெட்ரோல் ஊத்தின காலம் ஒண்ணு இருந்துச்சு, 1994லருந்து 2009 வரைக்கும். குழாய்ல நொடிக்கு 12 லிட்டர் சொச்சம்தான் வரும். நான் ஸ்டாப்வாட்சும் நோட்டுமா உட்கார்ந்திருப்பேன். குழாய் 7 நொடி ஒட்டியிருந்தா 84 லிட்டர், அப்போ இத்தனை லேப், இந்த லேப்ல மறுபடி உள்ளே வருவான்னு எழுதி வைப்பேன். 1998 ஹங்கேரியில ஷூமாக்கர் மூணு ஸ்டாப் போட்டாரே, கொஞ்சமா ஊத்திக்கிட்டு, இலேசான காரை வச்சு விரட்டி ஜெயிச்சார். அந்த மாதிரி ரேஸ்லதான் இந்த நோட்டுக்கு மரியாதை. குழாய் மாட்ட ஒரு நொடி, கழட்ட ஒரு நொடி ஆகுமே, அதைக் கழிக்கணும்னு எனக்கு ரொம்ப நாள் தோணவே இல்ல. அதுவரைக்கும் என் கணக்குல எல்லாரும் பல லேப் முன்னாடியே உள்ளே வந்துட்டே இருந்தாங்க.

சரி, அடுத்த கேள்வி.