எதிர்மலைல உக்காந்து பாக்கணும்

வணக்கம் நேயர்களே. கரடி வேட்டைன்னா துப்பாக்கிய தூக்கிட்டு காடு முழுக்க அலையுறதுன்னு நெனைப்பீங்க. நான் போற அமெரிக்காவோட மேற்கு மொன்டானா மலைல அப்படி இல்லைங்க, தீனி வச்சு வரவழைக்கவும் சட்டம் விடாது, எதிர்மலைல உக்காந்து பைனாகுலர்ல தேடணும், கண்ணுல பட்டா நடந்து கிட்ட போகணும்.

ஏப்ரல், மே மாசத்துல குளிர்காலத் தூக்கம் முடிஞ்சு வெளிய வர்ற கருங்கரடி தேடுறது புல்லு. ஆமா, புல்லுதான், மாடு மாதிரி குனிஞ்சு மேயும். தெக்கு பாத்த சரிவுல பனி முதல்ல உருகி பச்சை தட்டுமில்ல, அங்கதான் பாக்கணும்.

கருங்கரடின்னு பேரே தவிர பழுப்பு, செம்பட்டைலயும் உண்டு. அதே மலைல கிரிஸ்லிங்கற இன்னொரு வகைக் கரடியும் திரியும், அதுக்கு 1975லேர்ந்து சட்டப் பாதுகாப்பு. அதனால நெறத்த நம்பாதீங்க, தோள்ல திமில் இருக்கான்னு பாருங்க, இருந்தா அது கிரிஸ்லி. லைசன்ஸுக்கு முன்னாடியே கரடிய அடையாளம் காட்டுற டெஸ்ட் பாஸ் பண்ணணும், அது ரொம்ப சரியான ஏற்பாடு.

ஒரு மே மாச சாயங்காலம், பள்ளத்துக்கு அந்தப்பக்கம் ஒண்ணு மேயுது. திமில் இல்ல, கருங்கரடிதான். இறங்கி ஏற ஒரு மணி நேரம். காத்துதான் முக்கியம், அதுக்கு மோப்பம் அவ்ளோ ஜாஸ்தி. வெயில் இருக்கறப்போ காத்து சரிவுல மேல ஏறும், நிழல் விழுந்தா கீழ இறங்கும். காத்து எந்தப்பக்கம்னு பாக்க பவுடர் டப்பாவ அமுக்கினேன், தூள் என் மூஞ்சிலயே அடிச்சுது, நல்லது, அங்கேருந்து இங்க வீசுது. நூறு கஜத்துல படுத்துட்டேன். புல்ல பிச்சு மெல்லுற சத்தம் கூட கேக்குது. சுடலாம். ஆனா தனியாத்தான் இருக்கான்னு உறுதியா தெரியல, பொறுத்தேன். இருவது நிமிஷம் இருக்கும், கரடிக்குப் பின்னாடி இருந்த பைன் மரத்துல பட்டை உதிர்ற சத்தம், பாத்தா ரெண்டு குட்டி, பின்பக்கமா சறுக்கி சறுக்கி இறங்குது! குட்டியோட இருக்கற தாய சுடக்கூடாதுன்னு சட்டமே இருக்கு. அந்த இருவது நிமிஷத்த நான் பொறுக்கலேன்னா? திரும்பவும் சொல்றேன், குட்டி எப்பவும் தாய் பக்கத்துலயே நிக்காது, மரத்து மேல இருக்கலாம், பொறுத்துப் பாருங்க.

டைம் ஆச்சுன்னு கை காட்டுறாங்க. கறி பத்தி நெறைய வச்சிருந்தேன், ஒண்ணே ஒண்ணு: கரடிக்கறில ட்ரிக்கினெல்லா புழு இருக்கலாம், ஃப்ரீசர்ல வச்சா செத்துரும்னு நம்பாதீங்க, உள்ள வரைக்கும் 71 டிகிரி செல்சியஸ் சூடு ஏறணும். நன்றி, வணக்கம்.