நாற்றுக்கு நான்கு விரல் மேலே

நேயர்களுக்கு வணக்கம். வீட்டுக்குள் விளக்கு வைத்து நாற்று வளர்ப்பது பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். என் முதல் நாற்றுத் தட்டு வீணாய்ப் போன கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

தக்காளி விதைத்தேன். ஆறாம் நாள் நன்றாகவே முளைத்தது. கூரையில் டியூப் லைட், அறை பளிச்சென்று இருந்தது. ஆனால் அடுத்த பத்து நாளில் நாற்றெல்லாம் நூல் போல நீண்டு, தலையைத் தாங்க முடியாமல் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தது. சத்துப் போதவில்லை போல என்று உரக் கரைசல் ஊற்றினேன். இன்னும் நீண்டதுதான் மிச்சம்.

குறை உரத்தில் இல்லை, வெளிச்சத்தில். இந்த விஷயத்தில் நம் கண்ணை நம்பக் கூடாது. வெளிச்சம் குறைந்தால் கண்மணி விரிந்துகொள்ளும். அறை நமக்குப் பிரகாசமாகவே தெரியும். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். வெட்டவெளியில் உச்சி வெயில் 1,00,000 லக்ஸ் வரை போகும். நல்ல விளக்கு போட்ட அறையில் 500 லக்ஸ் இருந்தால் அதிகம். நாற்றுக்கு அது கிட்டத்தட்ட இருட்டு. இன்னும் மண்ணுக்கடியில்தான் இருக்கிறோம் என்பதுபோல, கையிலிருக்கும் சேமிப்பையெல்லாம் தண்டை நீட்டவே அது செலவழித்துவிடும்.

ஆகவே விளக்கைக் கீழே இறக்குங்கள். சாதாரண வெள்ளை எல்.இ.டி. டியூப் என்றால் நாற்றின் தலைக்கு நான்கு விரல் மேலே இருக்கலாம். சங்கிலியில் தொங்கவிட்டால், செடி வளர வளர ஒவ்வொரு கண்ணியாக ஏற்றிக்கொள்ளலாம். செடிக்கென்றே விற்கும் சக்தி வாய்ந்த விளக்குகளை இவ்வளவு நெருக்கமாக வைத்தால் இலை கருகிவிடும். அவற்றுக்கு ஒரு அடிக்கு மேல் இடைவெளி வேண்டும். ஊதா நிற விளக்குதான் வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். செடிக்கு வேண்டிய சிவப்பும் நீலமும் வெள்ளை ஒளியிலேயே இருக்கின்றன. தவிர, ஊதா வெளிச்சத்தில் இலை மஞ்சளாவது கண்ணுக்கே தெரியாது.

ஒரு நாளைக்கு 14 முதல் 16 மணி நேரம் விளக்கு எரியட்டும். கூடுதலாக எரிந்தால் நல்லதுதானே என்று விடிய விடிய விட்டுவிடாதீர்கள். இரவே இல்லாமல் வளரும் தக்காளியின் இலை வெளுத்துத் திட்டுத் திட்டாகிவிடும். ஒரு டைமர் மாட்டிவிட்டால் கவலையில்லை.

முளைக்கும் வரை தக்காளிக்கும் மிளகாய்க்கும் வெளிச்சத்தைவிட வெதுவெதுப்புதான் முக்கியம். 25 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்தால் நல்லது. சாலட்டில் போடும் லெட்யூஸ் கீரையின் விதை நேர்மாறு: சூடு ஆகாது, வெளிச்சம் வேண்டும். அதை மண் போட்டு மூடாமல் மேலாகத் தூவி லேசாக அழுத்தினால் போதும். கொத்தமல்லி போன்ற பார்ஸ்லி மூன்று வாரம் கூட எடுத்துக்கொள்ளும். முளைக்கவில்லையே என்று கிளறிப் பார்க்காதீர்கள்.

அப்புறம், தண்ணீர். மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு கறுத்து, கிள்ளிவிட்டாற்போல் மெலிந்து, நேற்று நின்ற நாற்று இன்று படுத்துவிட்டால் அது நாற்றழுகல். பூஞ்சை வேலை. படுத்ததைக் காப்பாற்ற முடியாது, ஆனால் வராமல் தடுக்கலாம். தட்டின் அடியில் தண்ணீர் விட்டு, மண் உறிஞ்சியதும் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். சின்ன மின்விசிறி ஒன்று இலை லேசாக அசையும்படி ஓடட்டும். மேல்மண் காயும், தண்டும் தடிக்கும்.

இடம் மாற்றும்போது இலையைப் பிடித்துத் தூக்குங்கள். இலை கிழிந்தால் வேறு இலை வரும், நசுங்கிய தண்டுக்கு மாற்று கிடையாது.

கடைசியாக, வெளியே வைப்பது. விளக்கடியில் வளர்ந்த இலைக்கு வெயிலும் காற்றும் புதிது. முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஒரு வாரம் பத்து நாளில் முழு வெயில். ஒருமுறை காலையில் வெளியே வைத்துவிட்டு வேலையில் மறந்துபோனேன். மாலையில் பார்த்தால் கத்தரி இலையெல்லாம் காகிதம் போல வெளுத்திருந்தது. இப்போதெல்லாம் தட்டை வெளியே எடுத்ததும் முதல் வேலையாகக் கைபேசியில் அலாரம் வைத்துவிடுகிறேன். நன்றி, வணக்கம்.