இரும்பைக் காக்கும் எண்ணெய்ப் படலம்

[காட்சி: கண்ணாடித் தகட்டில் மெல்லியதாகத் தடவிய இரண்டு எண்ணெய்கள்]

இரும்பைத் துருவிலிருந்து காக்கும் பூச்சைத் தாவர எண்ணெயிலிருந்தே செய்யலாம். ஆனால் எல்லா எண்ணெயும் தானாக இறுகாது. இடப்பக்கம் ஆளிவிதை எண்ணெய், வலப்பக்கம் ஆலிவ் எண்ணெய். சில நாட்கள் கழித்து விரலால் தொட்டால் ஆளிவிதை எண்ணெய் ஏடு கட்டியிருக்கும்; ஆலிவ் எண்ணெய் அப்படியே வழுக்கும். ஆளிவிதை எண்ணெயில் பெரும்பங்கு லினோலெனிக் அமிலம். அதன் கார்பன் சங்கிலியில் 3 இரட்டைப் பிணைப்புகள். ஆலிவ் எண்ணெயில் மிகுந்திருக்கும் ஒலெயிக் அமிலத்திலோ ஒன்றுதான். இந்தப் பிணைப்புகளை ஒட்டித்தான் காற்றின் ஆக்சிஜன் புகுந்து, சங்கிலிகளை ஒன்றோடொன்று கோக்கிறது.

ஆனால் காற்றை நம்பினால் வேலை நாள்கணக்கில் இழுக்கும். படலமும் மென்மையாக இருக்கும், நாளடைவில் மஞ்சளிக்கும்.

[காட்சி: கலக்கி சுழலும் குடுவை, வெப்பமானி அண்மையில்]

அதனால் இரட்டைப் பிணைப்புகள் உள்ள சோயா எண்ணெயுடன் அசிட்டிக் அமிலத்தையும் வினையூக்கியையும் சேர்த்து, ஹைட்ரஜன் பெராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விடுகிறார்கள். மொத்தமாக ஊற்றினால் ஆபத்து. வினையே வெப்பத்தைக் கக்கும். வெப்பமானி 60, 70 டிகிரி செல்சியஸைச் சுற்றி நிற்க வேண்டும். இரட்டைப் பிணைப்பு இருந்த இடத்தில் ஓர் ஆக்சிஜனும் இரு கார்பன்களும் சேர்ந்த எபாக்சி வளையம் உருவாகிறது.

இந்த வளையங்கள் சங்கிலியின் நடுவே ஒடுங்கிக் கிடப்பதால், வழக்கமான எபாக்சி பிசினைப் போல அமீனோடு (நைட்ரஜன் கொண்ட இறுக்கும் பொருள்) சட்டென்று சேராது. ஆகவே அக்ரிலிக் அமிலத்தால் வளையத்தைத் திறந்துவிடுகிறார்கள்; அந்த அமிலத்தின் இரட்டைப் பிணைப்பு சங்கிலியில் ஒட்டிக்கொள்ளும். ஒளி பட்டதும் வினையைத் தொடங்கிவைக்கும் ஒளித்தூண்டி கலந்து புற ஊதா ஒளியைக் காட்டினால் சில நொடிகளில் பூச்சு இறுகிவிடும்.

ஆமணக்கு எண்ணெய்க்கு இந்தப் பாடே வேண்டாம். அதன் கொழுப்பு அமிலத்தில் சுமார் 90 சதவீதம் ரிசினோலெயிக் அமிலம். வினைபுரியும் ஹைட்ராக்சில் தொகுதி (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்தது) அதில் பிறவியிலேயே உண்டு. அந்தத் தொகுதியோடு பிணையும் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருளைக் கலந்தால், பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் படலம் தயார்.

[காட்சி: உருப்பெருக்கியில் படலம், நடுவே ஊசித்துளைகள்]

இது ஈரம் செய்த வேலை. எண்ணெயில் தண்ணீர் தங்கியிருந்தால் ஐசோசயனேட் அதனோடு வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடை விடும். குமிழி வெளியேறிய துளை வழியே உப்புநீர் இறங்கும். பிறகு துருவை யார் தடுப்பது? எனவே எண்ணெயை முன்கூட்டியே வெற்றிடத்தில் சூடாக்கி உலர்த்துவது கட்டாயம். ஐசோசயனேட் ஆவி ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது என்பதால் காற்றோட்டமும் தகுந்த சுவாசக் கவசமும் அதைவிடக் கட்டாயம்.

'தாவரப் பூச்சு' என்ற பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம்: இந்த ஐசோசயனேட் பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வருவது. அதைத் தவிர்க்கவும் வழி உண்டு. எபாக்சி ஆக்கிய எண்ணெயோடு கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்து வளையக் கார்பனேட் ஆக்கி, அமீனால் இறுக்கலாம். அதுவும் பாலியூரித்தேன்தான். இறுகுவது மெதுவாக என்பதால், பெரும்பாலும் அடுப்பில் வைத்துச் சூடாக்க வேண்டியிருக்கிறது.