இன்னுமா ஃபயர்பாக்ஸ்? – நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் முறையும் வரும். கேட்டவர் ஒரு கல்லூரி மாணவர். “ஐயா, திரையில் எதைக் காட்டினாலும் ஃபயர்பாக்ஸில்தான் காட்டுகிறீர்கள். எங்கள் வகுப்பில் ஒருவர்கூட அதை வைத்திருக்கவில்லை. அது குரோமைவிட வேகமா? இல்லை, உங்களுக்குப் பழக்கதோஷமா?” என்கிறார். இரண்டு நாளாக இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

ஃபயர்பாக்ஸும் குரோமும் இணையப் பக்கங்களைத் திறக்கிற உலாவிகள், அதாவது பிரவுசர்கள். வேகத்தை முதலில் முடித்துவிடுவோம். குரோமைவிட வேகம் என்று நான் சொல்ல மாட்டேன். சில தளங்களில் அது முந்தும், சிலவற்றில் இது முந்தும். ஒரு சாதாரண மடிக்கணினியில் செய்தி படிப்பவருக்கும் மின்னஞ்சல் பார்ப்பவருக்கும் வித்தியாசம் தெரியாது. வேகத்துக்காக யாரும் மாற வேண்டியதில்லை.

பிறகு எதற்கு? பழைய நேயர்களுக்கு என்னுடைய மாவுக் கதை மனப்பாடம். புதியவர்களுக்காக இன்னொரு முறை சொல்கிறேன். குரோம், எட்ஜ், ஓபரா, பிரேவ், விவால்டி, சாம்சங் போனில் வருகிற உலாவி, இவையெல்லாம் வேறு வேறு பெயர், வேறு வேறு நிறம். ஆனால் ஒரே மாவில் சுட்டவை. தோசை, ஊத்தப்பம், பணியாரம் மாதிரி. அந்த மாவின் பெயர் பிளிங்க். இணையப் பக்கத்தின் குறியீட்டைப் படித்து, எழுத்தும் படமும் பொத்தானுமாகத் திரையில் வரைகிற எஞ்சின் அது. ஓபரா ஒரு காலத்தில் சொந்தமாக மாவு அரைத்தது, 2013-இல் நிறுத்திவிட்டது. மைக்ரோசாஃப்டே 2018 டிசம்பரில் கையைத் தூக்கி, 2020-இல் அதே பிளிங்க் மாவில் புது எட்ஜைக் கொண்டுவந்தது. ஆப்பிளின் சஃபாரி உலாவியில் இருக்கும் வெப்கிட் எஞ்சின் தனி என்பீர்கள். பிளிங்கே 2013-இல் வெப்கிட்டிலிருந்து பிரிந்து வந்ததுதான், இரண்டும் பங்காளிகள். இந்தக் குடும்பத்தில் சேராமல், பெரிய அளவில் இன்னும் சொந்தமாக அரைத்துக்கொண்டிருப்பது ஃபயர்பாக்ஸின் கெக்கோ ஒன்றுதான். உலாவி வேறு, எஞ்சின் வேறு. இதை நான் எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

ஃபயர்பாக்ஸ் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மைக்ரோசாஃப்டிடம் தோற்றுக்கொண்டிருந்த நெட்ஸ்கேப், 1998-இல் தன் உலாவியின் மூலநிரலை ஊருக்கே திறந்துவிட்டது. அதிலிருந்து பிறந்தது மொசில்லா, இன்று ஃபயர்பாக்ஸைச் செய்கிற அமைப்பு. ஆனால் மொசில்லா முதலில் கொடுத்தது உலாவி, மின்னஞ்சல், பக்கம் வடிவமைக்கும் கருவி எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிய பெரிய மூட்டை. பிளேக் ராஸ், டேவ் ஹயட் என்ற இருவர் மூட்டையைப் பிரித்து உலாவியை மட்டும் தனியாக எடுத்தார்கள். 2002-இல் அதற்கு ஃபீனிக்ஸ் என்று பெயர், பிறகு ஃபயர்பேர்ட், அதற்கும் பிறகு ஃபயர்பாக்ஸ். 2004 நவம்பர் 9-ஆம் தேதி 1.0 வெளிவந்தது.

அப்போது எதிரே இருந்தது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6. 2001-இல் வந்தது. அடுத்த பதிப்பு 2006-இல்! போட்டியே இல்லையென்றால் ஒரு பெரிய நிறுவனம் எப்படித் தூங்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. டேப் வசதி, தானாக எழும்பும் விளம்பர ஜன்னல்களுக்குத் தடை, நீட்சிகள் (உலாவிக்குக் கூடுதல் வசதி சேர்க்கும் சிறு நிரல்கள்), இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு ஃபயர்பாக்ஸ் ஓடியது. 2009, 2010 வாக்கில் உலகில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் கையில் அது இருந்தது.

நம் கதைக்கு வருகிறேன். 2005 வாக்கில் நான் போய்க்கொண்டிருந்த பிரவுசிங் சென்டரில் ஒரு தமிழ் நாளிதழின் தளத்தை ஃபயர்பாக்ஸில் திறந்தால், ஆங்கில எழுத்தும் கொக்கியும் புள்ளியுமாகக் குப்பை கொட்டியதுபோல வரும். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் திறந்தால் முத்து முத்தாகத் தமிழ். சென்டர் வைத்திருந்த அண்ணன், “தம்பி, அந்த நரியை மூடிவிட்டு இதில் பார்” என்பார். கோளாறு ஃபயர்பாக்ஸில் இல்லை. அன்று தமிழ்த் தளங்கள் பல, எல்லாருக்கும் பொதுவான எழுத்துக் குறியாக்கமான யூனிகோடில் இல்லை. ஆளுக்கொரு குறியாக்கம், ஆளுக்கொரு எழுத்துரு. அந்த எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்து அனுப்ப மைக்ரோசாஃப்ட் ஒரு வடிவம் வைத்திருந்தது. அதை அவர்களுடைய உலாவி மட்டும்தான் படிக்கும். ஆக, ஒரே மாவை நம்பிச் சமைத்த தளங்கள் வேறு அடுப்பில் வேகவில்லை. பிறகு பத்மா என்றொரு நீட்சி வந்தது. பக்கம் இறங்கியதும் அந்தக் குறியாக்கத்தை அங்கேயே யூனிகோடாக மாற்றிக் காட்டும். தமிழ்விசை என்று இன்னொன்று, உலாவிக்குள்ளேயே தமிழில் தட்டச்சு செய்ய. எந்த நிறுவனமும் செய்து கொடுக்காததைத் தன்னார்வலர்கள் செய்தார்கள். செய்ய முடிந்தது, ஏனென்றால் ஃபயர்பாக்ஸ் தன் வயிற்றுக்குள்ளேயே கைவிட்டுத் திருத்த அவர்களை அனுமதித்தது.

அந்த அனுமதிதான் பிறகு அதன் காலைக் கட்டியது. குறை என்று பேசினால் எனக்கு முதலில் தோன்றுவது இதுதான். 2008-இல் குரோம் வந்தபோதே வேலைகளைத் தனித்தனிச் செயல்முறைகளாகப் பிரித்து வைத்திருந்தது. ஒரு டேப் உறைந்தால் அது மட்டும் சாகும். ஃபயர்பாக்ஸில் எல்லாம் ஒரே செயல்முறை. ஏதோ ஒரு மூலையில் ஒரு கனமான பக்கம் திணறினால், நீங்கள் பாதி எழுதிய மின்னஞ்சலும் சேர்ந்து உறையும். பிரிக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். பிரித்தால் உள்ளுறுப்புகளைத் தொட்டுக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான நீட்சிகள் உடையும். உடைக்கவும் மனமில்லை, விடவும் முடியவில்லை. சாதாரணப் பயனர்களுக்கு அந்தப் பிரிப்பு வரத் தொடங்கியது 2016-இல், 48-ஆம் பதிப்பில். எட்டு வருடம்! அதற்குள் குரோமுக்குப் போனவர்கள் திரும்பவில்லை.

2017 நவம்பரில் 57-ஆம் பதிப்பு, குவாண்டம், வந்தது. பழைய பாணி நீட்சிகள் ஒரே நாளில் வேலை செய்யாமல் போயின. எழுதியவர்கள் வேறு வேலைக்குப் போய்விட்ட நீட்சிகள் அப்படியே செத்தன. விசுவாசிகள் திட்டித் தீர்த்தார்கள். என்னைக் கேட்டால், செய்தது சரி, ஆறு வருடம் தாமதம். அந்தப் பதிப்பில் பக்க அலங்காரத்தைக் கணக்கிடும் பகுதியை ரஸ்ட் என்ற நிரல் மொழியில் புதிதாக எழுதி, கணினியின் பிராசசரில் உள்ள எல்லாக் கருக்களுக்கும் (கோர்) வேலையைப் பங்கிட்டார்கள். ரஸ்ட் வளர்ந்ததே மொசில்லாவில்தான். இன்று அது லினக்ஸ் இயங்குதளத்தின் கருநிரலுக்குள்ளேயே போய்விட்டது. ஆனால் 2020-இல் மொசில்லா சுமார் 250 பேரை வேலையிலிருந்து அனுப்பியபோது, ரஸ்டில் புது எஞ்சின் கட்டிக்கொண்டிருந்த சர்வோ குழுவும் போய்விட்டது. இதற்கு என்ன சொல்வது?

இன்னொரு வேடிக்கை. டேப்களைக் குழுக்களாக அடுக்கும் வசதி ஃபயர்பாக்ஸில் 2011-லேயே இருந்தது. பயன்படுத்துவோர் குறைவு என்று 2016-இல் எடுத்தார்கள். குரோம் 2020-இல் அதையே கொடுத்துப் பெயர் வாங்கியது. ஃபயர்பாக்ஸில் அது திரும்பி வந்தது 2025-இல். நடுவில் போனுக்கு ஓர் இயங்குதளம் செய்யப் போனார்கள். இந்தியாவில் இன்டெக்ஸ் நிறுவனம் 2014-இல் 1,999 ரூபாய்க்கு அந்தப் போனை விற்றது. மொசில்லா அந்த இயங்குதளத்தைச் சீக்கிரமே கைவிட்டது. அந்த நிரலிலிருந்து கிளைத்த காய்ஓஎஸ்தான் பிறகு ஜியோபோனில் ஓடியது. அடுத்தவருக்கு விளைந்தது.

தம்பி, நீங்கள் வேகமா என்று கேட்டீர்கள். இதற்குச் சோறு போடுவது யார் என்று கேட்டிருந்தால் இன்னும் மகிழ்ந்திருப்பேன். பதில்: கூகுள். தேடுபொறியாகக் கூகுளை முதலில் வைப்பதற்குத் தரும் பணம்தான் மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி. போட்டியாளன் கொடுக்கும் காசில் போட்டி! 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா, தேடலில் கூகுள் சட்டத்துக்குப் புறம்பாக ஏகபோகம் காத்தது என்று தீர்ப்புச் சொன்னார். ஏகபோகத்துக்கு எதிரான தீர்ப்பு, அதற்கு மாற்றாக நிற்பவனையே கவிழ்த்துவிடுமோ என்ற பயம் வந்தது. அந்தப் பணம் நின்றால் ஃபயர்பாக்ஸ் நிலைப்பதே கஷ்டம் என்று மொசில்லா தரப்பே நீதிமன்றத்தில் சாட்சி சொன்னது. 2025 செப்டம்பரில் வந்த உத்தரவு பணம் கொடுப்பதை முழுக்கத் தடுக்கவில்லை. கூகுளை மட்டுமே வைக்க வேண்டும் என்று கட்டிப்போடும் ஒப்பந்தத்தைத்தான் தடுத்தது. ஃபயர்பாக்ஸ் பிழைத்தது. இன்று எல்லாக் கருவிகளையும் சேர்த்தால் அதன் பங்கு 3 விழுக்காட்டுக்கும் கீழே. அது போய்விட்டால் இணையத் தரம் எதுவென்று தீர்மானிப்பது கிட்டத்தட்ட ஒரே மாவரைக்கிறவர்தான்.

சரி, உங்களுக்கு என்ன பயன்? திரையைப் பாருங்கள். டேப்களைத் தனித்தனி அறைகளாகப் பிரித்துவைக்கும் கண்டெய்னர் நீட்சியைப் போட்டிருக்கிறேன். இந்தப் புது டேப் பொத்தானை அழுத்திப் பிடிக்கிறேன், பட்டியல் விழுகிறது: சொந்தம், வேலை, வங்கி, கடை. வேலையைத் தேர்ந்தால் டேப்பின் ஓரத்தில் ஆரஞ்சுக் கோடு. சொந்தத்துக்கு நீலம். நீலத்தில் என் மின்னஞ்சல், ஆரஞ்சில் அலுவலக மின்னஞ்சல், பக்கத்துப் பக்கத்தில். ஒன்றின் குக்கீ (நீங்கள் யார் என்று தளம் உலாவியில் விட்டுவைக்கும் சிறு குறிப்பு) மற்றதற்குத் தெரியாது. ஆண்ட்ராய்டு போனில் இன்னும் லாபம்: யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு நீட்சி முழுதாக ஓடும். போனில் இருக்கிற குரோம் நீட்சிகளையே ஏற்காது. கணினிக் குரோமிலும் அந்த நீட்சிக்கு இப்போது இடமில்லை, மெலிந்த வடிவம்தான். ஐபோன்காரர்கள் அவசரப்பட வேண்டாம். அங்கே நம் ஊரில் கிடைக்கும் ஃபயர்பாக்ஸ் பெயருக்குத்தான், உள்ளே வெப்கிட்.

ஒரு தொல்லையையும் சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைத் திட்டாதீர்கள். போன மாதம் ஒரு கட்டணம் கட்டும் தளத்தில் எல்லா விவரமும் நிரப்பி, கடைசிப் பொத்தானை அழுத்தினால் அசையவே இல்லை. குரோமில் அதே பொத்தான் ஒழுங்காக வேலை செய்தது. செய்தவர் ஒரே உலாவியில் பார்த்துவிட்டுக் கடையைக் கட்டிவிட்டார். அதே பழைய எழுத்துரு வியாதி. இப்படி நடந்தால் மெனுவில் தளம் உடைந்திருப்பதைத் தெரிவிக்க ஒரு வரி இருக்கிறது, அழுத்தி அனுப்புங்கள். அனுப்பிவிட்டு, கடைசித் தேதி தாண்டுவதற்குள் பணத்தைக் குரோமில் கட்டிவிடுங்கள். நானும் அப்படித்தான் கட்டினேன்.