விரல் வழியே வரும் கதை

நேயர்களுக்கு வணக்கம்.

என் அக்கா மகளுக்கு 12 வயது. ஒரு நாள் அவள் வீடியோ கேம் விளையாடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சண்டை முடிந்தது. திரையில் ஒரு கிழவர் வந்து, நாயகனிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். டக்கென்று ஒரு பொத்தானை அழுத்தினாள், கிழவர் மறைந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து ஓர் அரசி அழத் தொடங்கினாள். மறுபடியும் டக். "ஏம்மா, அவங்க என்ன சொல்றாங்கன்னு கேட்க வேண்டாமா?" என்றேன். "மாமா, விளையாட விடுங்க" என்றாள்.

எனக்கு மனம் என்னவோ போலாகிவிட்டது. நான் கதைக்காகவே கேம் வாங்குகிறவன். அந்தக் கிழவரின் பேச்சை எழுத யாரோ இரவெல்லாம் கண்விழித்திருப்பார்கள். ஆனால் அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறதா என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். கதை இருந்தால் விளையாட்டு இன்னும் ருசிக்குமா? இல்லை, அது விளையாட்டுக்கு நடுவே வந்து நிற்கிற ஒன்றா?

அவள் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1984-இல் மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் டெட்ரிஸை உருவாக்கினார். நான்கு கட்டங்கள் ஒட்டிய துண்டுகள், மொத்தம் ஏழு வடிவங்கள். மேலிருந்து விழும், நாம் இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும். அவ்வளவுதான். நாயகன் இல்லை, வில்லன் இல்லை. இந்தத் துண்டுகளை யார் போடுகிறார்கள் என்று கேட்கக்கூடத் தோன்றாது. இன்றைக்கும் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது.

அதற்கும் முன்னால் 1978-இல் வந்தது ஸ்பேஸ் இன்வேடர்ஸ். தோமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கியது. வேற்றுக்கிரகவாசிகள் வரிசை வரிசையாக இறங்கி வருவார்கள், நாம் கீழே இருந்து சுட வேண்டும். அன்றைய கணினிச் சில்லுக்கு அத்தனை உருவங்களையும் ஒரே நேரத்தில் நகர்த்துவது பெரிய பாரம். அதனால் கூட்டமாக இருக்கும்போது மெதுவாக நகர்வார்கள். நாம் சுடச்சுட எண்ணிக்கை குறையும், சில்லுக்கு வேலை குறையும், மிச்சமிருப்பவர்கள் வேகமாக வருவார்கள். நிஷிகாடோ அதை அப்படியே விட்டுவிட்டார். கடைசியாக மிஞ்சிய ஒருவன் பாய்ந்து வரும்போது நெஞ்சு படபடக்கும் பாருங்கள், அது ஒரு கதையின் உச்சக்கட்டத்தில் வருகிற படபடப்பு. அதற்கு ஒரு சொல்கூடத் தேவைப்படவில்லை.

சரி, அப்படியானால் கதை எதற்கு?

1981-இல் ஷிகெரு மியாமோட்டோ வடிவமைத்த டான்கி காங்கைப் பாருங்கள். ஆட்டம் தொடங்கும்போது ஒரு பெரிய குரங்கு, ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறுகிறது. உச்சிக்குப் போய்க் குதிக்கிறது. நேராக இருந்த இரும்புச் சட்டங்கள் வளைகின்றன. சில நொடிகள்தான், வசனம் கிடையாது. ஆனால் அதைப் பார்த்த பிறகு, ஏணி ஏறுவதற்கும் உருண்டு வரும் பீப்பாய்களைத் தாண்டுவதற்கும் ஒரு காரணம் வந்துவிடுகிறது. அதில் ஏறிய குட்டி மனிதன்தான் பின்னாளில் மரியோ என்கிற புகழ்பெற்ற விளையாட்டு நாயகன் ஆனான். கதை இங்கே மேலே பார்க்க ஓர் இடத்தைக் கொடுத்தது. அதைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது.

பிறகு கணினிகளின் பலம் கூடியது, கதையும் ஒதுங்க மறந்துவிட்டது. காட்சி ஓடும்போது, கையில் பிடித்து ஆடும் கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டுப் பார்க்க வேண்டிய நிலை வந்தது. 2008-இல் வெளியான மெட்டல் கியர் சாலிட் 4-இன் முடிவுக் காட்சிகள் ஒரு மணி நேரத்துக்கும் மேலே ஓடும். நான் அதை முழுக்கப் பார்த்தேன், கலங்கினேன். இருந்தாலும் அந்த ஒரு மணி நேரத்தில் பெரும்பகுதி நான் சினிமா ரசிகனாகத்தான் உட்கார்ந்திருந்தேன். அக்கா மகள் தன் கட்டைவிரலால் எதிர்ப்பது இதைத்தான் என்று இப்போது புரிகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. கதை ஒன்று சொல்லும், ஆட்டம் வேறொன்று சொல்லும். 2015-இல் வந்த தி விட்சர் 3-இல் கெரால்ட் என்கிற வீரன், தான் மகளாக வளர்த்த பெண்ணைத் தேடி அலைகிறான். அவளைப் பயங்கரமான எதிரிகள் துரத்துகிறார்கள், ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. ஆனால் நான் என்ன செய்தேன்? வழியில் இருந்த சத்திரத்தில் உட்கார்ந்து சீட்டு ஆடினேன். ஆட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது, அந்தச் சீட்டாட்டமும் அவ்வளவு நன்றாக இருக்கிறது. அந்தப் பெண் காத்துக்கொண்டிருந்தாள். அந்த விளையாட்டின் கதை மிக நல்ல கதை. ஆனாலும் கை ஒரு பக்கமும் கதை ஒரு பக்கமும் போனால் இரண்டிலும் ஏதோ ஒன்று குறைகிறது.

அப்படியானால் கையும் கதையும் ஒன்றாகப் போனால்? என்னைப் பொறுத்தவரை இந்தக் கேள்வியின் முடிச்சே இங்கேதான் இருக்கிறது.

2001-இல் ஃபுமிடோ உவேடா உருவாக்கிய ஈகோ என்கிற விளையாட்டில், ஒரு சிறுவனும் ஒரு பெண்ணும் ஒரு கோட்டையிலிருந்து தப்பிக்க வேண்டும். இருவருக்கும் பொது மொழி கிடையாது. அவள் கையைப் பிடித்துக்கொள்ள ஒரு பொத்தான். அழுத்தியே வைத்திருக்க வேண்டும், விட்டால் கை நழுவிவிடும். ஓடும்போது அவள் பின்தங்கினால் கன்ட்ரோலர் நம் உள்ளங்கையில் அதிரும். தனியாக விட்டால் நிழல் உருவங்கள் வந்து அவளை இழுத்துக்கொண்டு போகும். ஆட்டத்தைச் சேவ் செய்ய வேண்டுமானால்கூட இருவரும் ஒரு கல் இருக்கையில் சேர்ந்து உட்கார வேண்டும். "அவளை நீ காப்பாற்ற வேண்டும்" என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சில மணி நேரத்துக்குள், ஆபத்தே இல்லாத வெற்றுக் கூடத்தில்கூட விரலை எடுக்க மனம் வரவில்லை. இந்தக் கதையை எந்தப் பொத்தானை அழுத்தித் தவிர்ப்பது? தவிர்க்கிற விரலில்தான் கதையே நடக்கிறது.

தோல்வியையே கதையாக்கியவர்களும் இருக்கிறார்கள். 2020-இல் வெளியான ஹேடீஸில் பாதாள உலகின் இளவரசன் அங்கிருந்து தப்பிக்கப் பார்க்கிறான். செத்துச் செத்துத் திரும்பவும் அப்பாவின் மாளிகைக்கே வந்து சேர்கிறான். ஒவ்வொரு முறையும் அங்கிருப்பவர்கள் புதிதாக ஏதாவது பேசுவார்கள், ஒரு உறவு கொஞ்சம் நகரும். சாதாரணமாகப் பத்தாவது முறை தோற்றால் எரிச்சல் வரும். இங்கே, சரி, இப்போது யார் என்ன சொல்லப் போகிறார்கள் என்று ஓர் ஆவல் வருகிறது.

கட்சீன்களை, அதாவது ஆட்டத்துக்கு நடுவே நாம் பார்க்க மட்டும் ஓடுகிற காட்சிகளையெல்லாம் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். 1997-இல் வந்த ஃபைனல் ஃபேன்டஸி 7-இல் ஏரித் இறக்கும் காட்சியை நாம் கையைக் கட்டிக்கொண்டுதான் பார்க்கிறோம். ஆனால் அதற்கு முன்னால் பல மணி நேரம் அவளை நம் அணியில் வைத்துப் பழக்கியிருக்கிறோம். நம் காயங்களை ஆற்றியவள் அவள். அடுத்த சண்டையில் கை பழக்கதோஷத்தில் அவளைத் தேடும்போதுதான் உண்மையில் அடிவிழுகிறது. அவளை மீட்க ரகசிய வழி எங்காவது இருக்கும் என்று நம்பித் தேடியவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். படத்தில் செத்த பாத்திரத்தை யாரும் அப்படித் தேடுவதில்லை.

மறுபடியும் என் அக்கா மகளிடம் வருகிறேன். அவள் மைன்கிராஃப்டும் ஆடுகிறாள். அதில் கதை என்று சொல்லத்தக்கது ஏறக்குறைய இல்லை. ஆனால் தான் கட்டிய மரவீட்டில் அழகுக்காக லாவாவை, அதாவது எரிமலைக் குழம்பை, வைத்ததையும், வீடே எரிந்து போனதையும், நாய்க்குட்டியை மட்டும் காப்பாற்றியதையும் கால் மணி நேரம் மூச்சுவிடாமல் என்னிடம் சொன்னாள். கதை பிடிக்காத பிள்ளையா அவள்?

அப்புறம் ஒரு விடுமுறை நாளில் இருவரும் சேர்ந்து பிரதர்ஸ் விளையாடினோம். 2013-இல் ஜோசஃப் ஃபாரெஸ் இயக்கிய, சில மணி நேரத்தில் முடிந்துவிடுகிற சின்ன விளையாட்டு. முடிவைச் சொல்லப் போகிறேன், இனிமேல்தான் ஆடப் போகிறவர்கள் மன்னிக்க வேண்டும். நோயில் கிடக்கும் அப்பாவுக்கு மருந்து தேடி அண்ணனும் தம்பியும் போகிறார்கள். கன்ட்ரோலரின் இடது பக்கம் அண்ணன், வலது பக்கம் தம்பி. ஒருவரே இரண்டு பேரையும் நடத்த வேண்டிய ஆட்டம் அது. நாங்கள் ஒரே கன்ட்ரோலரை ஆளுக்கொரு கையாகப் பிடித்துக்கொண்டோம். அவள் அண்ணன், நான் தம்பி. அம்மா நீரில் மூழ்கி இறந்ததால் தம்பிக்குத் தண்ணீர் என்றாலே பயம். ஆறு வந்தால் அண்ணன் முதுகில் தொற்றிக்கொள்வான். பாத்திரங்கள் பேசுவது எந்த நாட்டிலும் இல்லாத மொழி. அவள் ஒரு காட்சியையும் தாண்டிப் போகவில்லை.

பயணத்தின் முடிவில் அண்ணன் இறந்துவிடுகிறான். அவள் தன் பக்கத்து ஸ்டிக்கை அசைத்துப் பார்த்தாள். "மாமா, என் பக்கம் வேலை செய்யலை" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. மருந்தோடு தம்பி தனியாகத் திரும்புகிறான். வழியில் தண்ணீர். நான் என் பக்கத்து ட்ரிக்கரை, விரலால் அழுத்தும் விசையை, அழுத்தினேன், தம்பி நகரவில்லை. எனக்கு விடை தெரியும், ஏற்கெனவே ஆடியவன். பேசாமல் இருந்தேன். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, அதுவரை செத்துக் கிடந்த தன் பக்கத்து ட்ரிக்கரை, அண்ணனுடைய ட்ரிக்கரை, மெதுவாக அழுத்தினாள்.

தம்பி நீந்தத் தொடங்கினான். கரை வந்து சேரும்வரை அவள் விரலை எடுக்கவே இல்லை.

வணக்கம்.